ஜனவரி மாதத்துத் துலிப்

"எல்லாப் பூவும் ஒரே ஜாடியில இருக்குன்னு சொன்னீங்களா? இந்த ஜனவரி மாசத்துல?"

ஹில்லே கரண்டியைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றாள். அவள் கணவன் வோல்ஃபர்ட், உட்ரெக்ட் நகரத்துப் பூ ஓவியன், அடுப்புப் பக்கம் திரும்பிக் குளிர்காய்வதுபோல் பாவனை செய்தான். அடுப்பு அணைந்து வெகு நேரமாகியிருந்தது.

"கண்ணால பாக்காத ஒரு இதழைக்கூட நான் வரைஞ்சதில்லைன்னுதான் சொன்னேன். உண்மைதானே?"

உண்மைதான். ஏப்ரலில் துலிப்பைப் பார்த்து ஒரு தாளில் வரைவான். ஜூனில் ரோஜாவுக்கு ஒரு தாள், ஆகஸ்டில் சூரியகாந்திக்கு ஒரு தாள். பிறகு குளிர்காலத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே ஜாடியில் செருகிவிடுவான். ஊரிலிருந்த அத்தனை பூ ஓவியர்களும் அப்படித்தான் செய்தார்கள். கடவுளுக்கே தோன்றாத பூங்கொத்துகளை அவர்கள் வரைய, பணக்காரர்கள் மறுபேச்சின்றி வாங்கிச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். இந்த நாகரிகமான ஏற்பாட்டைக் கெடுத்தது, ஓவியர் சங்க விருந்தில் வோல்ஃபர்ட் கூடுதலாகக் குடித்த ஒரு குவளை பீர்.

"அலெய்டா அம்மா பக்கத்துல இருந்தாங்க. 'அப்ப அந்தப் பூங்கொத்து இப்பவும் உங்க வீட்டுல இருக்கா?'ன்னு கேட்டாங்க."

"நீங்க?"

"இருக்குன்னுட்டேன். நாளைக்குப் பாக்க வர்றாங்க."

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?"

"சுத்தி நாலு ஓவியனுங்க இருந்தானுங்க, ஹில்லே!"

அலெய்டா பீர் ஆலைக்குச் சொந்தக்காரி, விதவை. வோல்ஃபர்ட்டின் புதிய ஓவியத்தை அவள் வாங்கிக்கொண்டால்தான் இந்தக் குளிர்காலத்தில் அடுப்பு எரியும்.

ஹில்லே பெருமூச்சு விட்டபடி பெட்டியைத் திறந்து தன் கல்யாணப் பட்டுப் பாவாடையை வெளியே எடுத்தாள். கத்தரிக்கோலை வைப்பதற்கு முன் அதை ஒருமுறை கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். மறுநாள் மதியத்துக்குள் அந்தப் பாவாடை சாயத்தில் முங்கி எழுந்து, துலிப்பாகவும் ரோஜாவாகவும் சூரியகாந்தியாகவும் ஜாடியில் நின்றது. வோல்ஃபர்ட்டும் கலைக்குத் தன் பங்கைச் செலுத்தினான்.

"அந்த இதழோட வளைவு சரியில்ல."

"அப்ப நீங்களே தைங்க."

அவன் ஜாடியைத் துடைக்கப் போனான்.

அலெய்டா வந்தபோது, வோல்ஃபர்ட் ஜன்னல் கதவுகளை முக்கால்வாசி சாத்திவிட்டு அவளை வாசற்படியிலேயே நிறுத்தினான். "உள்ள வந்தா மூச்சுக்காத்துல வாடிடும், அம்மா." அவளும் அங்கேயே நின்று வைத்த கண் வாங்காமல் ஜாடியைப் பார்த்தாள். ஓவியத்தின் பக்கம் அவள் திரும்பவேயில்லை. தன் பொய்யின் தரம் அப்படி என்று வோல்ஃபர்ட் உள்ளுக்குள் பூரித்துப்போனான்.

"இது யாரோட கைவண்ணம்?"

"அடுக்கினது நான்தான், அம்மா. எல்லாம் நான்தான்."

பின்னாலிருந்து ஹில்லே அவன் இடுப்பில் கிள்ளினாள்.

"நாளைக்கும் வரலாமா?"

"தாராளமா வாங்க!" என்றான். இன்னொரு கிள்ளு விழுந்தது.

அவள் மறுநாள் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள்.

"இன்னும் வாடவே இல்லையே, ஓவியரே!"

"குளிர்காலம் பாருங்க, அம்மா."

அவள் போன பிறகு வோல்ஃபர்ட்டுக்கு வியர்த்தது. "வாடலைன்னா மாட்டிக்குவோம், ஹில்லே. கொஞ்சமாவது உயிருள்ள பூ மாதிரி இருக்கணும்." பனித்துளிகள் இருந்தால் நம்புவாள் என்று தண்ணீர் தெளித்தான். துலிப்பின் சிவப்புச் சாயம் ஒழுகி வெள்ளை ரோஜாவில் இறங்கியது.

"நேத்து இந்த ரோஜா வெள்ளையா இருந்துச்சே?"

"வயசாக ஆக வெக்கம் வந்துடும், அம்மா. சில ரோஜா அப்படித்தான்."

அடுத்ததாக, நிலவறையிலிருந்து ஒரு நத்தையைப் பிடித்து வந்து இதழின்மேல் விட்டான். பூச்சி அரித்த பூவைச் சந்தேகப்பட யாருக்கு மனம் வரும்? நத்தை பட்டின்மீது நெடுந்தூரம் பயணம் செய்து, ஒரு வாய் முயன்று பார்த்துவிட்டு, அலெய்டாவின் கண்முன்னே ஜாடியிலிருந்து இறங்கி, மேசையிலிருந்த முட்டைக்கோஸைத் தின்னத் தொடங்கியது.

"பாவம், உங்க நத்தைக்கு ரோஜா பிடிக்கல போலிருக்கு," என்றாள் அலெய்டா. பிறகு கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு ஜன்னலைத் திறந்து வைங்க. நல்ல வெளிச்சத்துல, கையில எடுத்துப் பாக்கணும்."

கதவைச் சாத்தியதுமே வோல்ஃபர்ட் ஜாடியை நோக்கிப் பாய்ந்தான்.

"என்ன பண்றீங்க? என் பாவாடைங்க அது!"

"கையில எடுத்தா தையல் தெரியும்! நம்ம மானம் போயிடும்!"

"அது போய் எத்தனையோ நாளாச்சு. பூவையாவது விட்டு வைங்க!"

அவன் கேட்கவில்லை. துலிப், ரோஜா, சூரியகாந்தி என்று மூன்று பருவங்களும் ஒன்றாக அடுப்பில் போயின. பல நாள் கழித்து அந்த வீடு கதகதப்பானது. ஹில்லே அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் அலெய்டா வரவில்லை. அவள் வீட்டு வேலைக்காரி லைஸ்பெத் மட்டும், வைக்கோல் பரப்பிய பெரிய கூடை ஒன்றோடு வந்து நின்றாள். ஓவியத்தை எடுத்துப்போகத்தான் வந்திருக்கிறாள்! வோல்ஃபர்ட் காலையிலிருந்து ஒத்திகை பார்த்த சோக முகத்தை மாட்டிக்கொண்டான். வேறு வழி தெரியாதபோது பூ ஓவியர்கள் எல்லோரும் தத்துவத்தில்தான் ஒளிந்துகொள்வார்கள்.

"பூங்கொத்து நேத்து சாயங்காலமே வாடி உதிர்ந்துடுச்சும்மா. அழகுங்கிறது அவ்வளவுதான். புகை மாதிரி போயிடுச்சு. அம்மாகிட்ட சொல்லு, நிலைச்சு நிக்கிறது ஓவியம் ஒண்ணுதான். இந்தா, பத்திரமா எடுத்துட்டுப் போ."

லைஸ்பெத் ஓவியத்தைப் பார்த்தாள். வெறும் ஜாடியைப் பார்த்தாள். பிறகு அடுப்போரத்தில் கருகாமல் தப்பித்துக் கிடந்த ஒரு துண்டு சிவப்புப் பட்டைப் பார்த்தாள்.

"அடப்பாவமே! படத்தை நீங்களே வெச்சுக்கச் சொல்லிட்டாங்க ஐயா. பட்டுத்துணிப் பூன்னு முதல் நாளே கண்டுபிடிச்சுட்டு, என்ன விலை சொன்னாலும் குடுத்து அந்தப் பூவைத்தானே வாங்கிட்டு வரச் சொன்னாங்க!"