மூக்கா, நாக்கா?

எந்த ஊருக்குக் குடிபோவது என்று முடிவு செய்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் என் மனைவி வேறு மாதிரி சொல்லக்கூடும்.

என் பெயர் மந்தார் கர்வே. புனேக்காரன். என்னிடம் மந்தமும் கர்வமும் சரிபாதி என்பாள் ஊர்மிளா. மந்தம் பொய். கர்வம் உண்மை. புனேயில் பிறந்தவனுக்கு அது தாய்ப்பாலோடு வருவது. எங்கள் வீட்டு வாசலில் நானே எழுதி மாட்டிய பலகையைப் பார்த்தாலே தெரியும்: ‘ஞாயிறு மதியம் ஒன்று முதல் நான்கு வரை மணி அடிக்கக் கூடாது. அடித்தால் திறக்க மாட்டோம். திறந்தாலும் டீ கிடையாது.’ மதியத் தூக்கம் புனேக்காரனுக்குப் பூஜை மாதிரி. தெருவில் போகிறவர்கள் நின்று படித்துவிட்டுத்தான் போவார்கள். எழுதினால் இத்தனை பேர் படிக்கிற மாதிரி எழுத வேண்டும்.

கல்யாணமாகி ஒரு வருஷம். எங்கள் பம்ப்செட் கம்பெனி புனே கிளையை மூடப் போகிறது, நாசிக்குக்கோ நாக்பூருக்கோ அனுப்புவார்கள் என்று தீபாவளியிலிருந்தே பேச்சு. வீட்டிலும் சொல்லி வைத்திருந்தேன். சித்திரை வெயிலில் மேனேஜர் ஒருநாள் கூப்பிட்டார். “நாசிக்கா, நாக்பூரா? திங்கக்கெழமை சொல்லு.”

நாசிக் என்றால் மூக்கு. லட்சுமணன் சூர்ப்பணகையின் மூக்கை அறுத்த இடம் என்பதால் ஊருக்கே அந்தப் பெயர் என்பார்கள். நாக்பூர் என்றால் நாக்கு. அவல் உப்புமாவின் தலையில்கூடச் சிவப்பாக ஒரு காரக் குழம்பை ஊற்றுகிற ஊர். தின்றவன் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நாக்குக்கு இன்னொரு காரணமும் உண்டு. என் மாமியார் அங்கேதான் இருக்கிறார்.

என் ஆபத்து இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். மாமனார் ஊரில் குடியிருக்கிற மாப்பிள்ளைக்கு எங்கள் பக்கத்தில் சொந்தப் பெயர் கிடையாது. வீட்டோடு மாப்பிள்ளை, அவ்வளவுதான். கர்வே வம்சத்தில் அப்படி ஒருவன் இருந்ததில்லை. என்னில் ஆரம்பிக்க நான் தயாராக இல்லை.

நாசிக்தான் என்று மனசுக்குள் முடிவு கட்டினேன். ஆனால் ஊர்மிளா விடுவாளா? பெயரிலேயே ஊரை வைத்திருப்பவள். ராமாயணத்தில் லட்சுமணன் பெண்டாட்டி பெயர். நேராகக் கேட்டால் பிறந்த ஊர்தான் வேண்டும் என்பாள். அதனால் ஒரு யுக்தி செய்தேன். நான் புடலங்காய் என்றால் அவள் பீர்க்கங்காய் வாங்குகிறவள். நான் நாக்பூர் என்று குதித்தால் அவள் நாசிக் என்று நிற்பாள். என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

“ஊர்மி, நாக்பூருக்கே போயிடலாம்னு பாக்கறேன்.”

சப்பாத்தி இட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. “நெசமாவா?”

“பின்ன? என்ன ஊரு. என்ன ஆரஞ்சு. என்ன வெயிலு.”

“வெயிலுமா புடிச்சிருக்கு?”

“அதுதான் வெயிலு. நம்ம ஊருல அடிக்கறதெல்லாம் ஒரு வெயிலா? நாசிக்குல என்ன இருக்கு, திராட்சை. அதுவும் புளிக்கும்.”

“சரி” என்றாள்.

ஒரு வருஷத்தில் நான் சொன்னதற்கு அவள் சரி என்றது அதுதான் முதல் தடவை.

“சரின்னா?”

“சரின்னா சரிதாங்க. அப்பாகிட்ட இப்பவே சொல்லிடறேன். எங்க வீட்டு மாடி காலியாத்தான் கெடக்கு. வேற வீடு எதுக்கு?”

“மாடியா?”

“அப்பாவுக்கு விடியறதுக்கு முன்னாடி நடக்கப் போகத் துணையில்லாம இருக்கு. நீங்க போயிடுங்க. திரும்பி வந்தா அம்மா அவல் போட்டு வச்சிருப்பாங்க, குழம்போட.”

“தினமுமா?”

“மாப்பிள்ளைக்குப் போய்க் கொறை வைப்பாங்களா? கரண்டி கரண்டியா ஊத்துவாங்க. அப்புறம் நீங்க யாருக்கும் பேரே சொல்ல வேண்டாம். புராணிக் வீட்டு மாப்பிள்ளைன்னா தெருவே வழி காட்டும்.”

அன்று முழுக்க நான் மதில்மேல் பூனை. இல்லை, மதில்மேல் புனே. யுக்தியை அப்படியே ஓட விட்டால் நாக்கு, வெளியே சொன்னால் மூக்கறுப்பு.

மறுநாள் காலையில் நானே டீ போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

“ஊர்மி, யோசிச்சுப் பாத்தேன். நாசிக்கும் அவ்வளவு மோசமில்ல.”

“திராட்சை புளிக்கும்னீங்க?”

“சர்க்கரை தொட்டுக்கலாம்.”

“நாக்பூரு வெயிலு?”

“அந்த வெயில்ல உன் நிறம் என்னத்துக்கு ஆகறது?”

“அந்த வெயில்ல வளந்த நிறந்தாங்க இது.”

டம்ளரைக் கீழே வைத்தாள். முந்தானை கண் பக்கம் போனது. “பொறந்த ஊர விடச் சொல்றீங்க. பெத்தவங்களப் பாக்காதங்கறீங்க. நான் என்ன சொல்றது?”

“நீ என்ன கேட்டாலும் செய்யறேன்.”

முந்தானை இறங்கியது. கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

“ஞாயித்துக்கெழமை மத்தியானத் தூக்கம் கூடாது.”

“ஊர்மி, அது தூக்கமில்ல. அது புனே.”

“அப்பாவுக்குப் போன் போடட்டுமா?”

“தூக்கமில்ல.”

“அந்த நேரத்துல பாத்திரம் உங்களுது. வீட்டுக்கு யாராவது வந்தா டீயும் உங்களுது.”

“சரி.”

“நான் வேலைக்குப் போவேன். ஏன்னு கேக்கக் கூடாது.”

“போயேன். நாசிக்குல உனக்காக யாரு வேலைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க?”

திங்கட்கிழமை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் “நாசிக்” என்றேன். “வீட்டுல கேட்டியா?” என்றார் மேனேஜர். “எங்க வீட்டுல நான் கேக்கறதில்ல சார். சொல்றதுதான்” என்றேன். அவர் என்னைப் பொறாமையோடு பார்த்தார்.

பஞ்சவடிப் பக்கம் வீடு. ஊர்மிளாவின் சிநேகிதி யாரோ பார்த்துக் கொடுத்தது. லாரியிலிருந்து பீரோவை இறக்கும்போது பக்கத்து வீட்டு பாகுல் மாமி ஓடி வந்தார்.

“வா ஊர்மிளா. இந்தத் தடவ வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வந்துட்டியா?”

பீரோவின் ஒரு கால் என் காலின் மேல் இறங்கியது. “இந்தத் தடவையா?” என்றேன்.

“பள்ளிக்கூடத்துக்கு இன்டர்வியூ வந்தப்பவே வீட்டப் பாத்துட்டுப் போனாளே. கணக்கு டீச்சர் வேலை அன்னிக்கே ஆயிடுச்சு. வீட்டுக்காரர் நாசிக் வரச் சம்மதிப்பாரான்னு கேட்டேன். சம்மதிக்க மாட்டாரு மாமி, கெஞ்சுவாருன்னா.”

தோழி கல்யாணம் என்று சொல்லி மாசியில் ஒரு நாள் அவள் நாசிக் போய் வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என்ன சாப்பாடு என்று கேட்டதற்குக்கூடச் சரியாகப் பதில் வரவில்லை.

“அப்ப நாக்பூரு?” என்றேன் ஊர்மிளாவிடம்.

“எங்கம்மாவோட ஒரே வீட்டுலயா? நம்மால ஆகாதுங்க.”

“என்கிட்ட நேராவே கேட்டிருக்கலாமே?”

“கேட்டிருந்தா? பொண்டாட்டி வேலைக்காக ஒரு கர்வே ஊர் மாறுவாரா?”

மாறியிருக்க மாட்டேன். அது எனக்கே தெரிந்தது. கோபம் வந்ததுதான். ஆனால் அதைவிடப் பெருமைதான் அதிகம் வந்தது. என்னை இப்படி ஏமாற்ற வேண்டுமானால் சாதாரண மூளை போதாது. கணக்கு டீச்சருக்கு அவர்கள் சரியான ஆளைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு பலகை தொங்கியது. எழுத்து என்னுடையதல்ல. ‘ஞாயிறு மதியம் ஒன்று முதல் நான்கு வரை தாராளமாக மணி அடிக்கலாம். ஐயா விழித்திருப்பார். டீயும் உண்டு.’ தெருவில் போகிறவர்கள் நின்று படித்தார்கள். என் பலகையைப் படித்தவர்கள் போய்விடுவார்கள். இவள் பலகையைப் படித்தவர்கள் உள்ளே வந்துவிடுகிறார்கள்.

போன ஞாயிறு மணி அடித்தது. கையில் பாத்திரம் தேய்த்த நுரையோடு திறந்தேன். யாரோ வெளியூர் யாத்திரைக்காரர், குடும்பத்தோடு.

“லட்சுமணன் மூக்கறுத்த இடம் இதுதானுங்களா?”

“அது ரெண்டு தெரு தள்ளிங்க” என்றேன். “இங்க அறுத்தது ஊர்மிளா.”