ரொவீனாவின் கறுப்புப் பூனை

"ஜன்னலை விட்டுத் தள்ளி நில்லு. வெளிச்சத்தை மறைக்கிற," என்றாள் ரொவீனா.

அவள் கணவர் மெர்வின் தள்ளி நின்றார். அவள் கையில் குரோஷா ஊசி கறுப்புக் கம்பளி நூலுக்குள் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்க வரும் ஹாலோவீனுக்கு, வாசல் கொக்கியில் தொங்கவிட வருஷத்துக்கு ஒன்று பின்னுவாள். போன வருஷம் சிலந்தி. அதற்கு முந்தி சூனியக்காரியின் கொப்பரை. அதற்கும் முந்தி ஒரு காக்கை.

"இந்த வருஷம் என்ன?"

"முடியட்டும், சொல்றேன்."

எப்போதும் இதே பதில்தான். அவர் ஆப்பிள் வாங்கப் போனார். திரும்பி வந்தபோது ஊசி தரையில் கிடந்தது. ரொவீனா தூங்குவதுபோல் நாற்காலியில் சாய்ந்திருந்தாள்.

அடக்கம் முடிந்து, மேப்பிள் மரங்கள் சிவந்து, தெருவில் எல்லார் வீட்டு வாசலிலும் பூசணிக்காய்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. மெர்வின் வீட்டுக் கொக்கி மட்டும் காலியாக இருந்தது. பக்கத்து வீட்டு டெல்பர்ட் வேலிக்கு மேலே தலையை நீட்டினார்.

"என் பேத்தி கேக்குறா, இந்த வருஷம் கொக்கியில என்னன்னு. ஒண்ணுமில்லன்னு சொல்லிடவா?"

"சொல்லாதே," என்றார் மெர்வின்.

ஒன்றுமில்லை என்று அந்தக் கொக்கி தெருவுக்கே சொல்வதை அவரால் தாங்க முடியாது.

உள்ளே போய் ரொவீனாவின் கூடையைத் திறந்தார். சின்னக் கிண்ணம் போல ஒரு பின்னல், அதன் மேல் இரண்டு கூரான முனைகள். அடியில் ஒரு தகர டப்பா நிறையப் பச்சைப் பொத்தான்கள். பச்சைச் சட்டை ஒன்றுகூட இல்லாதவளுக்கு இவ்வளவு பொத்தான் எதற்கு என்று புரியவில்லை. நூல் கடை ஹில்டிக்குப் போன் செய்தார்.

"கிண்ணம் மாதிரி ஒண்ணு, மேல ரெண்டு முனை. என்ன பின்ன ஆரம்பிச்சிருப்பா?"

"பூனை."

"பார்க்காமலே சொல்ற?"

"சொல்றேன்ல. பூனைதான்."

"நான் முடிக்கப் போறேன்."

 ஹில்டி மெதுவாகச் சொன்னாள்: "ஒவ்வொரு கண்ணிக்குள்ளயும் ஊசியை விட்டு, நூலை இழுத்து ஒரு பின்னல் போடு. அப்படியே சுத்திச் சுத்தி வா. புரியுதா?"

புரிந்தது. ஆனால் மெர்வின் வாழ்நாள் முழுக்கக் குழாய் வேலை பார்த்தவர். ஒரு சுற்று டேப்பை நம்பி எந்தக் குழாய் இணைப்பையும் விட்டுவிட்டு வந்ததில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு இரண்டாகப் போட்டார். ஓரம் நெளிய ஆரம்பித்தது. பிடிமானம் போதவில்லை என்று நினைத்து மூன்றாக்கினார்.

டெல்பர்ட் வந்தபோது அது மேஜையிலிருந்து வழிந்துகொண்டிருந்தது.

"என்னப்பா இது, முட்டைக்கோஸா?"

"பூனை."

"பூனையோட எந்தப் பக்கம்?"

மெர்வின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேசாம பிரிச்சுடு."

"மாட்டேன். எது அவ போட்டது, எது நான் போட்டதுன்னு தெரியல. பிரிச்சா அவ போட்டதும் சேர்ந்து போயிடும்."

டெல்பர்ட் தாடையைச் சொறிந்தார். "அப்ப சுருக்கு. என் ஸ்வெட்டரைச் சுடுதண்ணியில துவைச்சுட்டு என் மருமகள் நாய்க்குப் போட்டுவிட்டா. கச்சிதமா இருந்துச்சு."

சலவை இயந்திரத்தைக் கொதிக்கக் கொதிக்க ஓட்டினார்கள். வெளியே எடுத்தபோது நெளிவெல்லாம் ஒட்டித் தடித்திருந்தது. கிண்ணம் ஆரஞ்சுப் பழ அளவுக்கு இறுகி, காதுகள் இரண்டும் விறைத்து நின்றன.

"ரொம்பச் சுருங்கிடுச்சே," என்றார் மெர்வின்.

"பூனையைக் குளிப்பாட்டினா வேற என்ன ஆகும்? ஈரமாத்தானே இருக்கு, இழு."

ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். முகம் அசையவில்லை, ஓரங்கள்தான் வந்தன. இழுத்த இழுப்பு விட்டுப்போகாமல் இருக்க இரண்டு முனையிலும் கிளிப் போட்டுக் கொடியில் காயவிட்டார்கள். அன்று நல்ல காற்று.

ஹாலோவீன் காலையில் மெர்வின் அதை எடுத்துப் பார்த்தார். நடுவில் காது நீட்டிய குட்டித் தலை. இரு பக்கமும் விரிந்து, விறைத்து, தட்டினால் சத்தம் கேட்கிற மாதிரி கறுப்புப் பட்டைகள். எந்தக் கோணத்தில் பிடித்தாலும் பூனை வரவில்லை. கண்ணாவது பூனைக் கண்ணாக இருக்கட்டும் என்று டப்பாவிலிருந்து இரண்டு பச்சைப் பொத்தான்களை எடுத்துத் தைத்து, யாரும் பார்ப்பதற்குள் கொக்கியில் மாட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்.

சாயங்காலம் பிள்ளைகள் வந்தார்கள். கடற்கொள்ளையன், எலும்புக்கூடு, நடக்கிற சோளக்கதிர். வாசல்படியில் நின்று எல்லாரும் அண்ணாந்தார்கள்.

"வவ்வால்டா," என்றான் கொள்ளையன்.

"ரொவீனாம்மா வவ்வால் பண்ணியிருக்காங்க. கண்ணைப் பாரேன், பச்சை," என்றது எலும்புக்கூடு.

வழக்கம்போல நின்று ரசித்துவிட்டு, வழக்கம்போலச் சண்டை போட்டுக்கொண்டு மிட்டாய் வாங்கிக்கொண்டார்கள். மெர்வின் யார் முகத்தையும் பார்க்காமல் பைகளில் அள்ளி அள்ளிக் கொட்டினார்.

கடையை மூடிவிட்டு ஹில்டி வந்தாள். தலையில் ஊதா நிறப் பொய்முடி. கொக்கியையே பார்த்தபடி நின்றாள்.

"கெடுத்துட்டேன் ஹில்டி," என்றார் மெர்வின். "வருஷத்துக்கு ஒரு கற்பனை அவளுக்கு. சிலந்தி, கொப்பரை, காக்கா. கடைசியா ஒரே ஒரு பூனையை என் கையில விட்டுட்டுப் போனா. அதைக்கூட என்னால பூனையா முடிக்க முடியல."

ஹில்டி சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. படியில் உட்கார்ந்து, பொய்முடியைக் கழற்றி அதாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்கிட்ட மட்டும் சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தா," என்றாள். "வருஷா வருஷம் என் கடையில கறுப்பு நூலும் ரெண்டு பச்சைப் பொத்தானும் வாங்கிட்டுப் போவா. சிலந்தி, கொப்பரை, காக்கா, எல்லாமே பூனையாத்தான்யா ஆரம்பிச்சுது. ஒரு வருஷம்கூடப் பூனை வந்ததில்ல."