அசனப் பந்தியில் ஒரு ரிட்டர்ன்

காலை ஒன்பது ஐம்பதுக்கு நான் முதலில் பார்த்தது, லேப்டாப் திரையில் சிவப்பு எழுத்தில் நின்ற ஒரு வாக்கியம்: கடவுச்சொல் தவறு. அதற்கு மேலே, வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய இன்றே கடைசி நாள் என்று ஒரு பட்டை நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ராஜபாளையம் அதே நிதானத்தில் ஞாயிற்றுக்கிழமையைத் தொடங்கியிருந்தது. பதற்றத்தில் இருந்தது நான் மட்டும்தான்.

முதன்முதலாக வருமான வரி கட்டுகிறவனைப் போல அலட்டிக்கொள்ளும் பிராணி உலகத்தில் வேறு கிடையாது. இதை நான் ஆராய்ச்சி செய்து சொல்லவில்லை. நானே அந்தப் பிராணியாக இருந்திருக்கிறேன்.

அப்போது மதுரையில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியர் வேலை. அதற்கு முந்தைய ஆண்டில் கொஞ்சம் ஊதிய உயர்வு வந்தது. சம்பளச் சீட்டில், வைப்பு நிதிக்குக் கீழே, ‘வருமான வரி’ என்று புதிதாக ஒரு கட்டம் முளைத்தது. சக ஊழியர்கள் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். நான் அதை போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து எனக்கு நடை மாறிவிட்டது. சாலையில் பள்ளத்தைக் கண்டால் நின்று, குனிந்து, ஒரு உரிமையாளனின் துக்கத்தோடு “என் வரிப்பணம்” என்பேன். பேருந்து நிலையத்தில் உடைந்த பெஞ்ச், பகலில் எரியும் தெருவிளக்கு, எதுவும் தப்பாது. என் மனைவி கிரேஸ், “குழி குழியா நின்னு பாத்துட்டு வந்தா பஸ்ஸு போயிரும். உங்க பணம் எங்கயும் ஓடாது, வாங்க” என்று இழுத்துக்கொண்டு போவாள்.

என்னிடம் ஒரு கோட்பாடும் இருந்தது. இந்த நாட்டைச் சம்பளக்காரன்தான் தூக்கிச் சுமக்கிறான். விவசாயி, கடைக்காரர், தறி வைத்திருப்பவர் எல்லோரும் அவன் தோளில் உட்கார்ந்து ஊர் பார்க்கிறார்கள். இந்தக் கோட்பாட்டை நான் அதிகமாக விளக்கிய இடம், மம்சாபுரத்தில் என் மாமியாரின் சாப்பாட்டு மேசை. (அவர் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக் கூடம் வைத்திருப்பவர் என்பது அப்போதெல்லாம் எனக்கு ஒரு தகவலாகவே தோன்றவில்லை.)

எஸ்தர் அத்தை குறுக்கே பேச மாட்டார். “ஆமா மாப்ள, எல்லாரும் எங்க கட்டுதாவ” என்று சொல்லி இன்னொரு மீன் துண்டை வைப்பார். அந்த மீன் துண்டை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த ஜூலையில் ஒரு நாள், அதே மேசையில், அத்தையின் கணக்கையும் நானே போட்டுத் தருவதாக அறிவித்தேன். ஆடிட்டருக்கு எதற்குத் தண்டமாக ஃபீஸ், பத்து நிமிட வேலை என்றேன். அத்தை செத்த நேரம் யோசித்தார்.

“ஒரு வருசமும் நான் பிந்துனதில்ல மாப்ள. அது ஒண்ணு மட்டும் பாத்துக்கிடுங்க.”

“நான் தினமும் டெட்லைன்ல வேலை பாக்குறவன் அத்தை.”

உள்ளே போய் ஒரு மஞ்சப்பையை எடுத்துவந்து கொடுத்தார். நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, திறக்காமல், பத்திரமாக வைத்திருந்தேன். கடைசி நாள் வரை.

கடைசி நாளில்தான் தெரிந்தது, என் கணக்கின் கடவுச்சொல்லும் எனக்கு நினைவில்லை, அத்தையுடையது ஆடிட்டருக்கு மட்டும்தான் தெரியும் என்பது. ஆடிட்டரிடம் கேட்கலாம். (அதைவிட நெருப்பில் நடக்கலாம்.) வேறு வழி, ஆதாரோடு இணைந்த கைபேசி எண்ணுக்கு ஓடிபி வரவழைத்துப் புதிய கடவுச்சொல் வைப்பது. இரண்டு ஓடிபி வேண்டும். இரண்டும் வருவது ஒரே போனுக்கு. அத்தையின் போனுக்கு.

அது எப்படி என்றால், எங்கள் திருமணம் முடிந்த கையோடு மம்சாபுரத்தில் ஆதார் முகாம் நடந்தது. நான் அப்போது சிம் மாற்றிக்கொண்டிருந்தேன்; புது எண் உயிர் பெறவில்லை. “என் நம்பரக் குடுங்க மாப்ள, பொறவு மாத்திக்கிடலாம்” என்றார் அத்தை. வரிசையில் போன் இல்லாமல் நின்ற பாதித் தெருவுக்கும் அதையே சொல்லியிருக்கிறார். அந்தப் ‘பொறவு’ யாருக்கும் வரவில்லை. ஆதாரில் கைபேசி எண்ணை மாற்றுவது எப்படி என்று எங்கள் பத்திரிகையில் வெளியான கட்டுரைக்குத் தலைப்பு வைத்தவன் நான்.

அத்தையின் போனுக்கு அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

“அடிக்காதீங்க” என்றாள் கிரேஸ், இடியாப்பத் தட்டை வைத்தபடி. “இன்னைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில்ல அசனம். அம்மாதான் கறிக்கு நிக்கா. எல்லாம் முடிஞ்சாத்தான் போன எடுப்பா.”

அசனம் என்பது எங்கள் பக்கத்து தேவாலயங்களில் ஆண்டுக்கொரு முறை நடக்கும் பொதுச் சாப்பாடு. வருகிறவர்கள் எல்லோரும் உட்காரலாம். மாலை நான் மதுரையில் டெஸ்க்கில் இருக்க வேண்டும். வீட்டில் காத்திருக்க நேரமில்லை.

“தாமதமானா என்ன ஆகும்? அபராதம்தானே, நானே கட்டிடுறேன்” என்றேன்.

கிரேஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். “அப்பா மிலிட்டரியில செத்த பொறவு, அம்மா தறிக்குக் கடன் கேட்டு பேங்குக்குப் போனா. என்னையும் கூட்டிட்டுப் போனா. நிக்க வச்சே பேசி அனுப்பிட்டாவ. கணக்கு இல்லாதவளுக்குக் கடன் இல்லன்னுட்டாவ. அன்னைலேர்ந்து ஒரு வருசங்கூட விடாம வரி கட்டுதா. இப்ப போனா உக்காரச் சொல்லுதாவ. புதன்கிழமை புதுத் தறிக்குப் பேப்பர் குடுக்கப் போறா. அதுல இந்த வருசம் மட்டும் ‘தாமதம்’னு இருக்கணுமா?”

நான் லேப்டாப்பைத் தலையணை உறையில் சுற்றி, மஞ்சப்பையையும் எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினேன்.

மறுநாள் ஆடிப்பூரத் தேர் என்பதை நான் மறந்திருந்தேன். பேருந்தை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் முழுவதும் மனிதர்கள். தடுப்புக் கட்டைகளுக்கு நடுவே கூட்டம் தள்ளிய பக்கமாக நடந்தேன். ஒரு திருப்பத்தில் தேர் நின்றது. அதற்கு முன்னும் அதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வெயிலில், தலையணை உறையைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தபோது, கழுத்து அதற்கு மேல் மடங்காத இடம் வரை தேர் போய்க்கொண்டே இருந்தது. கீழே சக்கரத்துக்குப் பக்கத்தில் வடம் சுருண்டு கிடந்தது. ஓர் அம்மாள் குனிந்து அதைத் தொட்டு, இழுத்துப் பார்க்கிறவர் மாதிரி லேசாக அசைத்துவிட்டுப் போனார். நானும் எதற்கென்று தெரியாமல் தொட்டுவிட்டு நடந்தேன்.

தேவாலயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது முதல் பந்தி எழுந்துகொண்டிருந்தது. மண்டபம் முழுக்க ஆட்டுக்கறிக் குழம்பின் வாசனை. கடைசி வரிசையில் அத்தை கறி வாளியோடு நின்றார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வாங்க மாப்ள. கிரேஸ் வரலியா? உக்காருங்க, எலை போடச் சொல்லுதேன்.”

“அத்தை, போன் வேணும். ஓடிபி.”

வாளியைத் தூக்கியபடியே மேடையைக் கண்ணால் காட்டினார். “அண்ணாச்சிட்ட இருக்கு.”

மேடையில் ஞானமுத்து அண்ணாச்சி. ராணுவத்தில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அசனத்தின் மைக் அவருடையது. பரிமாறுகிறவர்களின் போன்கள் எல்லாம் அவர் காலடியில் ஒரு எவர்சில்வர் தூக்குக்குள் கிடந்தன. பிளக் பாயிண்ட்டும் அங்கே மட்டும்தான் இருந்தது. ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்தேன். அண்ணாச்சி அத்தையின் போனை எடுத்து உயிர் கொடுத்தார். பிறகு மைக்கின் மேல் தன் துண்டைப் போட்டு மூடினார். மூடினால் அணைந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த மைக்குக்கு ஸ்விட்ச் வேலை செய்யாது என்பதும், துண்டு வெறும் மரியாதைக்கு என்பதும் பிறகுதான் தெரிந்தது.

ஊரில் கூடியிருந்த அத்தனை பேரும் போனில் தேரைப் படம் அனுப்பிக்கொண்டிருந்ததால், இணையம் நத்தையாக இருந்தது. காத்திருந்த நேரத்தில் அண்ணாச்சி கேட்டார்:

“என்ன மாப்ள, ஞாயித்துக்கெழமையும் ஆபீஸ் வேலையா?”

“வரி அண்ணாச்சி. கடைசி நாள். நம்மள மாதிரி கட்டுறவங்களுக்குத்தான் இந்த அவஸ்தை. இந்த மண்டபத்தையே எடுத்துக்கோங்க. வரி கட்டுறவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.”

“அப்படியா? நான் காலைல சோப்பு வாங்குனேன். அதுல வரி போட்டிருக்கான்.”

“அது வேற அண்ணாச்சி. இது என் சம்பளத்துலேர்ந்து நேரா டில்லிக்குப் போகுது.”

“எம்புட்டு போவுது?”

“நிறைய.”

அண்ணாச்சி பந்தியைப் பார்த்தார். “இங்க சாப்பிடுதவன்ல பாதிப் பேரு கைப்பிடி அரிசி கூடக் கொண்டுவரல. யாரு எம்புட்டு கொண்டுவந்தான்னு பாத்தா சோறு போடுதோம்?”

“இதெல்லாம் தர்மம். நான் சொல்றது பொருளாதாரம்” என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

பந்தியில் சிலர் சாப்பிடுவதை நிறுத்தி மேடையைப் பார்ப்பதைக் கவனித்தேன். என் தோற்றத்தில் ஏதோ கம்பீரம் இருக்கிறது போல என்று எண்ணிக்கொண்டேன்.

ஓடிபி வந்தது. அண்ணாச்சி ஒவ்வொரு எண்ணாக அணிவகுப்பு ஆணை மாதிரி வாசித்தார். (பந்தியிலிருந்து யாரோ ஒரு தாத்தா அதைத் திரும்பச் சொன்னார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.) அத்தையின் கணக்கு திறந்தது. மஞ்சப்பையை முதன்முதலாக அவிழ்த்தேன். உள்ளே நூல் வாங்கியது, துணி விற்றது, வங்கி வரவு எல்லாம் மாதவாரியாக ஊசியால் கோத்து வைக்கப்பட்டிருந்தன. நான் செய்ய வேண்டியிருந்தது பார்த்து அடிப்பது மட்டும்தான்.

அடித்துக்கொண்டே வந்தவன், ஏற்கெனவே கட்டிய வரி என்ற இடத்தில் நின்றேன். அத்தை அந்த ஆண்டு முன்கூட்டியே கட்டி முடித்திருந்த தொகை அங்கே தானாக வந்து நின்றது. இலக்கங்களை இடமிருந்து எண்ணினேன். பிறகு வலமிருந்து எண்ணினேன். என் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பத்திரிகைக்காரனாக என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது: என்னைப் போல இரண்டு துணை ஆசிரியர்களை வேலைக்கு வைத்து, அவர்கள் லீவில் போனால் மாற்று ஆளும் போடலாம்.

தலையைத் தூக்கினேன். மண்டபத்தின் கோடியில் அத்தை, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கிழவரின் இலையில் எலும்பில்லாத கறியாகப் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். காலையில் தேரைப் பார்த்தபோது கழுத்து நின்ற அதே கோணத்தில் என் கழுத்து நின்றது. இந்தப் பெண்மணியின் மேசையில் உட்கார்ந்து, இவர் வைத்த மீனைத் தின்றுகொண்டு, நாட்டைச் சுமப்பது யார் என்று நான் விளக்கியிருக்கிறேன்.

அத்தையின் ரிட்டர்ன் போய்ச் சேர்ந்தது. அடுத்து என்னுடையது. அதற்குள் அத்தையின் மகன், என் மச்சான் தாமஸ், கை கழுவிய ஈரத்தோடு மேடைக்கு வந்து என் பின்னால் நின்றார். காவல் துறையில் ஏட்டு. எதையும் வாய்விட்டு வாசிக்கும் பழக்கம் உள்ளவர்.

வீட்டுக் கடன் ரசீதையும் இன்சூரன்ஸ் ரசீதையும் நான் ஆபீஸில் நேரத்துக்குக் கொடுக்கவில்லை. அதனால்தான் அவர்கள் மாதாமாதம் வரி பிடித்திருந்தார்கள். இப்போது அந்த இரண்டையும் சேர்த்ததும் திரை ஒரு சுற்று சுற்றி, என் வருமானம் வரி கட்டும் அளவுக்கு இல்லை என்று கண்டுபிடித்தது. பிடித்ததை எல்லாம் திருப்பித் தருவதாகவும் சொன்னது. அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.

தாமஸ் மச்சான் குனிந்தார். மைக் அவர் வாய்க்கு நேராக இருந்தது.

“ஏன் மாப்ள, நீங்க கட்ட வேண்டிய வரின்னு இதுல சுழியில்லா போட்ருக்கு?”

அந்தச் ‘சுழி’, அதாவது என் பூஜ்யம், மண்டபத்தின் நான்கு மூலைகளிலும் இருந்த ஒலிபெருக்கிகள் வழியாக, லேசான எதிரொலியோடு திரும்பி வந்தது. அப்போதுதான் துண்டைப் பற்றி எனக்குப் புரிந்தது. சோப்பு, டில்லி, பொருளாதாரம், மண்டபத்தில் நான் ஒருவன் மட்டும், எல்லாமே எல்லோருக்கும் கேட்டிருக்கிறது.

ஒரு நிமிடம் யாரும் சிரிக்கவில்லை. அது அவர்களுடைய மரியாதை. பிறகு பெண்கள் வரிசையில் யாரோ, “ஏட்டி, அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் கறி வையி, பாவம்” என்றார். அதோடு அந்த மரியாதை போய்விட்டது. பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

மச்சான் திரையில் இருந்த அடுத்த பக்கத்தைப் பார்த்தார். அம்மாவின் கணக்கு அங்கே இன்னும் திறந்தபடி இருந்தது. வாசிக்க வாயெடுத்தார். நான் லேப்டாப்பை மூடினேன். அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது.

அத்தை வாளியோடு மேடைக்குக் கீழே வந்து நின்றார். சிரிப்பு முகத்தில் இல்லை.

“மாப்ள, நேரத்துக்குள்ள போட்டாச்சா?”

“போட்டாச்சு அத்தை. ரெண்டும்.”

“நல்லாப் பாத்தீயளா?”

“பாத்தேன் அத்தை.” மஞ்சப்பையை இரண்டு கையாலும் நீட்டினேன். “எல்லாத்தையும் பாத்தேன்.”

அவர் பையை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “ஆமா, எல்லாரும் எங்க கட்டுதாவ” என்றார். பிறகு வாளியைக் கை மாற்றிக்கொண்டு, “ஏலே தாமசு, மாப்ளைக்கு எலை போடு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை வங்கியில் அவரை உட்காரச் சொன்னார்கள். காப்பியும் கொடுத்தார்கள் என்று கிரேஸ் சொன்னாள். என் பணம் இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. வரி கட்டுபவனாக நான் வாழ்ந்த காலம் அத்தோடு முடிந்தது. சம்பளச் சீட்டின் படத்தையும் போனிலிருந்து அழித்துவிட்டேன்.

ஆனால் எங்கள் குடும்பத்தில் எந்தச் சாலைப் பள்ளமும் இப்போது சும்மா கடக்கப்படுவதில்லை. கார் ஒரு குழியில் இறங்கினால் பின்சீட்டிலிருந்து யாராவது, “மெதுவா, மாப்ளையோட சுழி” என்பார்கள். அசனத்தில் மைக் சோதிக்கும்போது ஞானமுத்து அண்ணாச்சி ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. “சுழி, சுழி” என்கிறார். மண்டபத்தில் முதல் முறையாக வந்தவர்களைத் தவிர எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். துண்டு மட்டும் மாறவில்லை.

அத்தையின் ரிட்டர்னை மறுபடியும் ஆடிட்டர்தான் போடுகிறார். என்னுடையதையும் அவரே போடுகிறார். இரண்டு ஃபீஸையும் அத்தை கட்டுகிறார்.