இன்னும் கொஞ்சம் வெளிர்

"இதுவா வெளிர் ஊதா? கத்தரிக்காயை அரைச்சுப் பூசின மாதிரி இருக்கு," என்றார் வீட்டம்மா.

பெயின்டர் சுவரைப் பார்த்தார். கைக்குட்டை அகலத்துக்குத்தான் பூசியிருந்தார். அதற்கே அந்த ஊதா அறை முழுவதையும் முறைத்துக்கொண்டிருந்தது.

எட்டு வருஷம் மேஸ்திரிக்குக் கீழே சுவர் தேய்த்தவருக்கு இன்றுதான் முதல் தனி வேலை. "கறாரான பார்ட்டி. அவங்க வாயால 'நல்லாருக்கு'ன்னு ஒரு வார்த்தை வாங்கிட்டு வா, இனிமே உனக்குத் தனி வேலைதான். இல்லேன்னா ஆயுசுக்கும் உப்புத்தாள்தான்," என்று சொல்லி, ஊதாவையும் சீலிங்குக்கு ஒரு டிரம் வெள்ளையையும் கொடுத்து அனுப்பியிருந்தார் மேஸ்திரி.

"லைட்டா வேணுங்களாம்மா?"

"லைட் வேற, வெளிர் வேற. வெளிர்னா கலர் இருக்கணும், ஆனா இருக்கறதே தெரியக் கூடாது."

"அது எப்படிங்கம்மா?"

"எங்க வீட்டுக்காரர் மாதிரி."

மூலையில் விரித்திருந்த செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "நான் இங்கதான் இருக்கேன்," என்று ஒரு குரல் வந்தது.

"பார்த்தீங்களா? அதுதான் வெளிர்."

கலவைக் குச்சியை மேஸ்திரி இதுவரை யார் கையிலும் கொடுத்ததில்லை. வெள்ளையை எடுத்துக்கொண்டு அதில் சொட்டுச் சொட்டாக ஊதா விட வேண்டும் என்பது மேஸ்திரிக்குத்தான் தெரியும். பெயின்டரோ, டப்பா ஊதாவை மொத்தமாக வாளியில் கவிழ்த்து, அதன் தலையில் வெள்ளையை ஊற்றினார். வாளி நிறைந்தது.

"இன்னும் கொஞ்சம் வெளிர்," என்றார் வீட்டம்மா.

பாதியைக் குளியலறை வாளிக்கு மாற்றி, இரண்டிலும் வெள்ளையை ஊற்றினார். இரண்டும் நிறைந்தன.

"இப்போ என் பழைய சட்டை கலருக்கு வந்திருக்கு," என்றார் வீட்டுக்காரர், உதவி செய்வதாக நினைத்து.

"அது வெளுத்துப்போனது. வெளிர்ங்கறது பொறக்கும்போதே அப்படிப் பொறக்கணும். வித்தியாசம் தெரியாத மனுஷனோட எத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கேன் பாருங்க பெயின்டரே."

பெயின்டர் யார் பக்கமும் சேராமல் கலக்கினார். இரண்டு நாலாயிற்று. அழுக்குத்துணி போடும் தொட்டி வந்தது. அண்டா வந்தது. கடைசியில் வீட்டுக்காரர் கால் ஊற வைக்கும் பேசினும் போயிற்று. அவர் கால்களைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார். கூடம் முழுக்க ஊதாக் குளங்கள். நடக்க வழியில்லாமல் பெயின்டர் ஏணியில் ஏறி நின்று யோசித்தார். கை கடுத்தது. உப்புத்தாளின் கரகரப்பு காதுக்குள் கேட்டது.

"அம்மா, இதுக்கு மேல போனா வெள்ளைங்க."

"வெள்ளைக்கு ஒரு படி முன்னாடி நிறுத்துங்க. எத்தனை வருஷமா கேட்டு, வீட்டு ஓனருக்கு இப்பத்தான் மனசு இரங்கி ஆளனுப்பியிருக்கார். அரைகுறையா விட்டுடுவேனா?"

டிரம்மின் அடியில் இருந்ததை வழித்து ஊற்றினார். கண்ணை மூடிக்கொண்டு சுவரில் ஒரு இழுப்பு இழுத்தார்.

வீட்டம்மா அருகே போய்ப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். ஜன்னலைத் திறந்து பார்த்தார், சாத்தியும் பார்த்தார்.

"எங்கே பூசினீங்க?"

"இங்கதாங்கம்மா." பெயின்டர் விரலால் காட்டினார்.

"அட, ஆமா. கலர் இருக்கு, இருக்கறதே தெரியலை." அவர் முகம் மலர்ந்தது. "நல்லாருக்கு."

பெயின்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்காரர்கூடச் செய்தித்தாளை மடித்துவிட்டு அவர் கையைக் குலுக்கினார்.

அப்போது வாட்ச்மேன் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றார்.

"பெயின்டரண்ணே, இங்கயா இருக்கீங்க? மேல் வீட்டம்மா காலையிலேர்ந்து உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க, மேஸ்திரி குடுத்தனுப்பின ஊதாவுல ஒரு சொட்டு வெள்ளைகூடக் கலந்துடாதீங்கன்னு சொல்லச் சொன்னாங்க."