இருபத்தாறு வருஷமும் ஒரு ‘ஹேவ்’வும்

தன் புருஷன் செத்துப்போன சேதி தியெமுக்குப் புதன்கிழமை பகல் பதினொரு மணிக்குத்தான் தெரியவந்தது. அதுவும் இங்கிலீஷ் டீச்சர் போன் பண்ணித் துக்கம் விசாரித்ததால்.

“அக்கா, லுவோங் அண்ணன் எப்ப தவறினாரு? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே!”

“வாயைக் கழுவுங்க டீச்சர்! அவரு கா மாவ்ல தம்பி கல்யாணத்துல வாத்துக்கறி தின்னுட்டிருக்காரு. இப்பதான் போட்டோ அனுப்பினாரு.”

“அப்போ நீங்க படிக்கச் சொல்லி அனுப்பின அட்டை? ‘உங்கள் கணவரின் ஆன்மா சாந்தியடையட்டும்’னுல்ல எழுதியிருக்கு!”

தியெம் அடுப்பை அணைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். காலையில் நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது.

பென் த்ரேயில், ஆற்றங்கரைத் தென்னந்தோப்புக்குள் அவள் ஆறு அறைகளை வைத்துக்கொண்டு விருந்தினர் விடுதி நடத்திவந்தாள். முந்தின நாள் மாலை அயர்லாந்திலிருந்து அக்கா தங்கை இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். தங்கை நோரீனுக்கு வாய் ஓயாது. அக்கா ஊனா வாயே திறக்கமாட்டாள். எந்நேரமும் கையில் பின்னல் ஊசி. அடுத்த மாதம் அவர்கள் ஊரிலிருந்து பன்னிரண்டு பேர் ஒரு வாரம் தங்க வருவதாக இருந்தது. இடம் எப்படி என்று நோரீன் பார்த்துச் சொன்னால்தான் உறுதி.

ஆகவே காலைச் சாப்பாட்டின்போது தியெம், தான் மனப்பாடம் செய்திருந்த இங்கிலீஷில் மிக நீளமான வாக்கியத்தை எடுத்துவிட்டாள். “ஐ லிவ்ட் வித் மை ஹஸ்பண்ட் ட்வென்டி சிக்ஸ் இயர்ஸ் ஆல்ரெடி!”

அவள் தாய்மொழியில் வினைச்சொல் எந்தக் காலத்துக்கும் முகம் மாறாது. வாலில் ஒரு ‘ரோய்’ ஒட்டினால் போதும், இத்தனை வருஷம் ஆயிற்று என்று ஆகிவிடும். அந்த ரோய்யைத்தான் அவள் ‘ஆல்ரெடி’ ஆக்கியிருந்தாள்.

நோரீன் கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள். “இப்போ அவர்…?”

“கான்!” என்றாள் தியெம், மலர்ந்த முகத்தோடு. கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்று சொல்ல, ‘போயாச்சு’ என்கிற அந்த ஒரு வார்த்தைதான் வந்தது.

நோரீன் எழுந்துவந்து அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அயர்லாந்துக்காரர்கள் பாசக்காரர்கள் என்று தியெம் நினைத்துக்கொண்டாள். அப்புறம் நோரீன் பூசை மாடத்திலிருந்த மாமனார் படத்தைக் காட்டி, “இவரா?” என்று கேட்டாள். மகனும் இதே ஜாடையா என்று கேட்கிறாளாக்கும் என்று எண்ணி, “சேம் சேம் ஹஸ்பண்ட்!” என்று தியெம் தலையாட்டினாள். நோரீன் மூன்று ஊதுபத்தி கொளுத்திவைத்து, தன் ஊர் பிஸ்கட் டப்பாவையும் படத்தின்முன் படைத்தாள். ஓர் அட்டையில் ஏதோ எழுதியும் கொடுத்தாள்; தியெம் அதைப் படிக்கச் சொல்லி டீச்சருக்குப் போனில் அனுப்பிவைத்தாள்.

“‘லிவ்ட்’னா வாழ்ந்தேன், கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம்க்கா,” என்றாள் டீச்சர். “‘ஹேவ் லிவ்ட்’னு சொல்லணும். அன்னைக்கு ஆரம்பிச்சது இன்னைக்கும் ஓடிட்டிருக்குன்னு அர்த்தம்.”

“ஒரே ஒரு ஹேவ் இல்லாததுக்கா என் புருஷன் உசுரு போச்சு?”

“ஒன்பதாவது பாடத்துக்கு நீங்க வரலியே. தேங்காய் வெட்டு இருக்குன்னு மட்டம் போட்டீங்க.”

தியெம் கையைத் துடைத்துக்கொண்டு தோப்புக்கு ஓடினாள். நோரீன் ஊஞ்சல் படுக்கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஹஸ்பண்ட் நாட் டெட்! டுமாரோ ஹி கம்!”

நோரீன் மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். இந்தப் பக்கத்து ஆட்கள் செத்தவர்களுக்குச் சோறு வைத்துக் காத்திருப்பார்கள் என்று அவள் எங்கேயோ படித்திருந்தாள். “வருஷா வருஷம் வருவாரா?” என்று தணிந்த குரலில் கேட்டாள்.

லுவோங் வாரத்துக்கு ஒருமுறையாவது எங்காவது விருந்து என்று கிளம்பிவிட்டுத் திரும்புகிறவர். “நோ, நோ! எவ்ரி வீக்!” என்றாள் தியெம்.

அன்றைக்கு ராத்திரி அக்காவும் தங்கையும் ஒரே அறையில் படுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை லுவோங் வந்துசேர்ந்தார். வண்டியை நிறுத்தினார், கால் கழுவினார், நேரே மாடத்துக்குப் போனார். “அப்பாவுக்கு யாரு பிஸ்கட் வச்சது?” என்று கேட்டுக்கொண்டே டப்பாவைப் பிரித்து மூன்றை வாயில் போட்டுக்கொண்டார். பார்த்த நோரீன் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

இதுதான் சமயம் என்று தியெம் அவர் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். “திஸ் மை ஹஸ்பண்ட்!”

நோரீன் அவரை மேலும் கீழும் பார்த்தாள். புகைப்பட ஆவி பிஸ்கட் தின்னாது என்று அவளுக்கே புரிந்தது. ஆனால் வேறு சந்தேகம் வந்தது. “எவ்வளவு நாளா இவரைத் தெரியும்?”

தியெம் காதில் விழுந்தது ‘எவ்வளவு’ மட்டும்தான். வந்து எவ்வளவு நேரமாயிற்று என்று கேட்கிறாள். கடிகாரத்தைப் பார்த்தாள். “டென் மினிட்ஸ்!”

நோரீன் முகம் சிவந்தது. “நியூ ஹஸ்பண்ட்!” என்று முணுமுணுத்தாள். ஊதுபத்திச் சாம்பல்கூட இன்னும் உதிரவில்லை! போனை எடுத்துக்கொண்டு போய் மூலையில் உட்கார்ந்து ஏதோ தட்ட ஆரம்பித்தாள். பன்னிரண்டு பேரும் கையை விட்டுப் போவது தியெமுக்குக் கண்முன் தெரிந்தது.

விஷயம் கேட்டு லுவோங் குதித்தார். “மூணு நாள் ஊர்ல இல்ல. அதுக்குள்ள என்னைக் கொன்னு, ரெண்டாங் கல்யாணமும் பண்ணிக்கிட்டியாடி?”

“யாரைங்க பண்ணிக்கிட்டேன்? உங்களைத்தானே! வேற நல்ல ஆளா கிடைச்சிருந்தா விட்டிருப்பேனா?”

“நான் உசுரோட இருக்கேன்னு இந்தத் தோப்புக்கே தெரியணும்,” என்று அவர் பெரிய ஒலிப்பெட்டியை வெளியே இழுத்துப்போட்டு மைக்கைப் பிடித்தார். காதல் தோல்விப் பாட்டாகவே பதினேழு பாடினார். தேங்காய் இறக்க வந்தவன் பாதி மரத்திலேயே இறங்கிப் போய்விட்டான். நடுநடுவே “தியெம், ஐஸ்!” “தியெம், வறுத்த கடலை!” அப்புறம் அரிசிச் சாராயம். அப்புறம் ஊஞ்சல் படுக்கையில் வாய் பிளந்து குறட்டை. வாத்து உரித்தது, அறை பெருக்கியது, ஒலிப்பெட்டியை உள்ளே சுமந்தது எல்லாம் தியெம்.

அத்தனை வேலைக்கும் நடுவில் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, டீச்சரிடம் அந்த ஒரே வாக்கியத்தை நாற்பது தடவை ஒப்பித்தாள்.

“ஹேவ்க்கா, ஹேவ்! ‘ஹே’னு பாதியில விட்டுடாதீங்க. உதட்டைக் கடிங்க.”

“கடிச்சுக் கடிச்சு ரத்தமே வந்துடுச்சு டீச்சர்!”

இரவுச் சாப்பாட்டுக்கு நோரீன் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு வந்தாள். பெட்டிகளைக் கட்டியாயிற்று. பக்கத்தில் ஊனா வழக்கம்போல் பின்னிக்கொண்டிருந்தாள். தியெம் வறுத்த மீனை மேஜையில் வைத்தாள். கல்யாணப் போட்டோவை மார்பின்மேல் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிக்கிற பிள்ளைபோல் நிமிர்ந்து நின்றாள்.

“ஐ ஹேவ் லிவ்ட்,” உதட்டைக் கடித்துவிட்டு, “வித் மை ஹஸ்பண்ட் ஃபார் ட்வென்டி சிக்ஸ் இயர்ஸ்.”

நோரீன் போட்டோவைப் பார்த்தாள். முடி அடர்ந்த, ஒல்லியான, அதே லுவோங். மாடத்துப் படத்தைப் பார்த்தாள். ஊஞ்சலைப் பார்த்தாள். ஒரு நொடி கழித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அடக் கடவுளே! அது மாமனாரா? நான் என்னென்னவோ நினைச்சு… மன்னிச்சுக்கோ, தங்கம்! பன்னிரண்டு பேரும் கட்டாயம் வருவாங்க.”

தியெமுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஹேவ், ஹேவ் என்று தனக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

ஊனா பின்னலைக் கீழே வைத்தாள். குறட்டை வந்த திசையைப் பார்த்தாள். அப்புறம் தியெமின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள்; கண் கலங்கியிருந்தது. வந்ததிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

“இன்னுமா முடியலை? துக்கம் விசாரிக்கணும்னா இதுக்குத்தான்டி விசாரிக்கணும், நோரீன்!”