மலைப் பஸ்ஸின் மதியச் சாப்பாடு

டிரைவர் டப்பாவைத் திறந்ததுதான் தாமதம், சாப்பாட்டுக் கடைக்குள் நுழையப்போன பயணிகள் எல்லோரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

டப்பாவில் பெரிதாக ஒன்றும் இல்லை. வேகவைத்த கொண்டைக்கடலை, நறுக்கிய வெள்ளரிக்காய், உரித்த முட்டை, ஓரத்தில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஒரு துண்டு. அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸின் படிக்கட்டில் நிழல் விழும் பக்கமாக உட்கார்ந்திருந்தார்.

"டிரைவரே வெளியில உக்காந்து சாப்பிடுறாரே, என்ன விஷயம்?" என்றார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். வாரம் தவறாமல் இந்தப் பஸ்ஸில் வருகிறவர்.

"உள்ள என்ன நடக்குதுன்னு அவருக்குத்தானே தெரியும்" என்றார் மலைப் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். கணக்கு டீச்சர் சொன்னால் அதற்கு மேல் சரிபார்க்க யாரும் துணிவதில்லை. பாதிப் பேர் பக்கத்துப் பெட்டிக்கடையில் பிஸ்கட் வாங்கப் போய்விட்டார்கள்.

சாப்பாட்டுக் கடை முதலாளி கரண்டியும் கையுமாக ஓடி வந்தார்.

"டிரைவரே, இத்தனை வருஷமா உங்களுக்குக் கறியும் சோறுமா அள்ளி வச்சேனே, இப்படி என் அடுப்புல தண்ணி ஊத்தலாமா?"

"உங்க மேல ஒரு குறையும் இல்ல முதலாளி. வீட்டுல சொல்லிட்டாங்க."

வீட்டில் சொன்னது உண்மைதான். டிரைவரின் மனைவி தையல்காரி. ஊரில் பாதிப் பேரின் இடுப்பளவு அவளுக்கு மனப்பாடம். போன வாரம் அவருடைய காக்கிப் பேண்ட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டாள்.

"இதுக்கு மேல பிரிச்சு விடத் துணி இல்லைங்க. இனிமே ஒண்ணு நீங்க இளைக்கணும், இல்ல வேட்டி கட்டிக்கிட்டு பஸ் ஓட்டணும்."

"நான் என்ன பண்ணட்டும்? போற வழியில கிடைக்கிறதைத்தானே சாப்பிட முடியும்?"

"ஏன், கை இல்லையா? கடலையை ஊறப் போட்டு வேகவச்சு, ஒரு காயை நறுக்கி, டப்பாவுல போட்டு எடுத்துட்டுப் போங்க. மூடியைத் திறந்தா சாப்பாடு. இதுக்கு எதுக்குங்க ஊர்க் கடை?"

"நீ வச்சுக் குடுக்கக் கூடாதா?"

"நான் வச்சா ருசியா வச்சிருவேன். அப்புறம் ரெண்டு டப்பா கேப்பீங்க."

அன்று அந்த டப்பாவை முடித்துக்கொண்டு டிரைவர் வண்டியை எடுத்தார். சாப்பாட்டுக் கடையைத் தாண்டியதும் மலை தொடங்கிவிடும். அவருடைய வேலையிலேயே அவருக்குப் பிடித்த பகுதி அதுதான். வயிறு நிறைந்து, ஜன்னல் வழியே குளிர்ந்த காற்று முகத்தைத் தடவ ஆரம்பித்ததும், உலகம் வேறு மாதிரி ஆகிவிடும். மரங்கள் தண்ணீருக்குள் நிற்பவைபோல் மெல்ல அசையும். ஒரு வளைவில் மேகம் கீழிறங்கி வந்து, டிக்கெட் வாங்காமலே பஸ்ஸில் ஏறிக்கொள்ளும். எங்கோ கீழே கிடக்கிற ஏரி மேலேறி வந்து சாலையோரமாகக் கூடவே ஓடும். ஒருமுறை அந்த ஏரியின் மேல் ஒரு வெள்ளைக் குதிரை நடந்துபோனதைக்கூடப் பார்த்திருக்கிறார். கண்டக்டர் பக்கத்தில் நின்று ஓயாமல் பேசிக்கொண்டே வருவான். பின்னால் பயணிகள் எல்லோரும் கைதட்டிப் பாடுவார்கள். இந்த வழியில் ஓடும் வேறெந்தப் பஸ்ஸிலும் பாட்டுக் கிடையாது. அதில் டிரைவருக்குக் கொஞ்சம் பெருமை.

கடலை தின்ற அன்று மேகம் ஏறவில்லை. மேகம் மேகத்தின் இடத்திலேயே இருந்தது. ஏரி கீழே, எட்டாத தூரத்தில், தகரத் தட்டுபோலக் கிடந்தது. சாலை வெறும் சாலையாக இருந்தது. குழி குழியாக, ஓரத்தில் கல் கல்லாக.

பின்னால் யாரும் பாடவும் இல்லை. முதல் வளைவில் ஒரு குரல் மட்டும் எழும்பி, பாதியில் நின்றுவிட்டது. யாரோ ஏதோ குசுகுசுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பஸ் முழுக்க ஒரே குறட்டை.

மறுமுறை வந்தபோது, முதலாளி முந்திக்கொண்டார். டிரைவர் படிக்கட்டில் உட்காருவதற்குள் ஒரு தட்டில் வறுத்த கறியை ஆவி பறக்கக் கொண்டுவந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"சாப்பிடக்கூட வேணாம். சும்மா கையில வச்சுக்கிட்டு நில்லுங்க. சனம் பாக்கட்டும்."

கறியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பதற்கு டிரைவர் ஒன்றும் முனிவர் இல்லையே. விரல் தானாகத் தட்டுக்குப் போனது. அதற்குள் கணக்கு டீச்சர் பாய்ந்து வந்து தட்டைப் பிடுங்கி முதலாளி கையிலேயே திணித்தார்.

"டிரைவர் சார், உங்க கடலையில கொஞ்சம் குடுங்களேன். பாக்கும்போதே நாக்குல எச்சி ஊறுது!"

டிரைவர் திகைத்துப்போய் டப்பாவை நீட்டினார். டீச்சர் ஒரு கரண்டி வாயில் போட்டு, கண்களை மூடி, வெகுநேரம் மென்றார்.

"பிரமாதம்" என்றார், தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டே.

அடுத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கை நீட்டினார். பிறகு கண்டக்டர். டப்பா ஒரு சுற்றுப் போய்த் திரும்பியபோது அதில் ஒரு வெள்ளரிக்காய்த் துண்டுதான் மிச்சம். டிரைவருக்கு அன்று வயிறு நிறையவில்லை, மனசு நிறைந்துவிட்டது. இத்தனை காலம் அவர் கையால் வெந்நீர் வைத்தால்கூட வீட்டில் ஒரு குறை சொல்வார்கள்.

பசிக்கு வழி பெரிய டப்பாதான் என்று முடிவு செய்தார். அடுத்த வாரம் தூக்குச்சட்டி வந்தது. தூக்குச்சட்டியைப் பார்த்ததும் எல்லோரும் தங்கள் பங்குக்கு டப்பாக்களோடு வந்தார்கள். "டிரைவரண்ணே, எனக்கும் கொஞ்சம். நீங்க மட்டும் விட்டுராதீங்க, இதையே சாப்பிடுங்க!" சாப்பாட்டுக் கடையில் முதலாளியும் ஈயும் மட்டும் இருந்தார்கள்.

போகும்போதாவது வீட்டு அடுப்பு இருந்தது. திரும்பும் நாளுக்கு, மலைமேல் டிப்போவின் ஓய்வறையில்தான் சமைக்க வேண்டும். அங்கே இருந்தது ஒரு கட்டில், ஒரு மேஜை, தண்ணீர் சுடவைக்கும் கெட்டில் ஒன்று. டிரைவர் அந்தக் கெட்டிலில் முட்டை வேகவைத்தார். முட்டையை எடுத்துவிட்டு அதிலேயே காரட்டைப் போட்டார். காரட்டுக்குப் பிறகு ஊறவைத்த கடலை. கெட்டில் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் காலை 'பட்'டென்று வெடித்து, டிப்போ முழுக்கக் கரண்ட்டை நிறுத்தியது.

டிப்போ மேனேஜர் பாதி சவரம் செய்த முகத்தோடு ஓடிவந்தார்.

"இங்க என்னய்யா நடக்குது?"

"கடலை வெந்துட்டிருந்துச்சு சார்."

"இது ஓய்வறையா, கல்யாண மண்டபமா?"

"பயணிங்க ஆசைப்படுறாங்க சார்..."

மேனேஜர் எதுவும் சொல்லாமல், மறு கன்னத்துச் சோப்பைத் துடைத்துக்கொண்டு போனார். அந்த மௌனம் டிரைவருக்குப் பிடிக்கவில்லை.

அதைவிடப் பிடிக்காதது பஸ்ஸுக்குள் இருந்த மௌனம். சாப்பாட்டை எல்லோரும் ஆகா ஓகோ என்று புகழ்ந்துவிட்டு, மலை ஏறத் தொடங்கியதும் பொத்தென்று தூங்கிப்போனார்கள். ஊர்வம்பை எல்லாம் ஒன்று விடாமல் ஒப்பிக்கும் கண்டக்டர்கூட, பின் சீட்டில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தான்.

"என்ன தம்பி, என் மேல ஏதும் கோபமா?" என்று ஒருநாள் கேட்டார்.

"சேச்சே, என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க?"

"முன்ன மாதிரி பக்கத்துல நின்னு பேச மாட்டேங்கிறியே."

கண்டக்டர் தலையைச் சொறிந்தான். "பேசிப் பேசி இத்தனை வருஷத்துத் தூக்கம் பாக்கி கிடக்குண்ணே. இப்பத்தான் தீத்துக்கிட்டிருக்கேன்."

டிரைவருக்கு அது புரியவில்லை. குற்றம் தன் சமையலில்தான் என்று நினைத்தார். சப்பென்று இருப்பதால்தான் சனங்களுக்குச் சோர்வு தட்டுகிறது, கொஞ்சம் உற்சாகமாகச் செய்தால் பாட்டுத் திரும்பிவிடும். அடுத்த தடவை கடலைக்கு எலுமிச்சம்பழம் பிழிந்து, மிளகைத் தட்டிப்போட்டு, கைநிறையப் பேரீச்சம்பழமும் வைத்தார். மிளகு கொஞ்சம் கைதவறிவிட்டது. எல்லோரும் மூக்கும் கண்ணும் ஒழுகத் தின்று, "அருமை, அருமை" என்று தும்மினார்கள். தும்மி முடித்த களைப்பில் வழக்கத்தைவிட முன்னதாகவே தூங்கிவிட்டார்கள்.

வெள்ளைக் குதிரையை நினைத்துக்கொண்டே அவர் தனியாக மலையேறினார். கண்ணாடியில் பார்த்தால் வரிசை வரிசையாகத் தலைகள், காற்றில் சாய்ந்த நாணல்போல ஒரே பக்கமாகச் சரிந்திருந்தன. எல்லா முகத்திலும் ஒரு சிறு சிரிப்பு. தனக்கு வராத மேகமெல்லாம் இப்போது அவர்களுக்குள் போய்விட்டதோ என்று நினைத்தார். பொறாமையாகக்கூட இருந்தது. உடம்பு இளைத்தது உண்மை. பேண்ட் தொளதொளத்தது உண்மை. ஆனால் என்ன, பாட்டுப் போய்விட்டது, ஏரி போய்விட்டது, குதிரை போய்விட்டது. இடுப்பு மட்டும் வந்து என்ன பிரயோஜனம்?

மேனேஜர் கூப்பிட்டு அனுப்பியபோது பக்கத்து நாற்காலியில் சாப்பாட்டுக் கடை முதலாளி கைக்குட்டையும் கண்ணுமாக உட்கார்ந்திருந்தார்.

"இந்த வழியில நம்ம பஸ்ஸுக்கு நிக்க இடம் குடுக்கிறவர் இவர்" என்றார் மேனேஜர். "நாளையிலிருந்து நீங்க இவர் கடைக்குள்ள உக்காந்து, எல்லாரும் பாக்கிற மாதிரி, வயிறாரச் சாப்பிடணும். முடியாதுன்னா சொல்லுங்க, டவுன் பஸ்ஸுக்கு மாத்திடறேன். அங்க மலையும் கிடையாது, கடலையும் கிடையாது."

டிரைவர் வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டார். உள்ளுக்குள் பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல் இருந்தது. அன்று மாலை மனைவியிடம் சொன்னபோது, அவள் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உத்தரவு போட்டவர் மேனேஜரா, உங்க நாக்கா?"

"வேலை போயிடும்ல?"

"போங்க போங்க. பேண்ட்டைச் சின்னதாக்கினப்ப எடுத்த துணியைப் பத்திரமா வச்சிருக்கேன். திரும்பவும் ஒட்டுப் போடத்தானே போறேன்."

மறுநாள் மதியம் சாப்பாட்டுக் கடையில் அவருக்குத் தனி மேஜை. முதலாளியே பரிமாறினார். மலைபோல் சோறு, அதன் உச்சியில் குழம்பு, சுற்றிலும் வறுத்தது, பொரித்தது, எண்ணெயில் மிதப்பது. வாசனை வந்து தோளில் கைபோட்டது. டிரைவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, முதல் கவளத்தைப் பிசைந்து உருட்டினார். இன்றைக்கு மேகம் ஏறும் என்று தோன்றியது.

கவளம் வாய்க்குப் பக்கத்தில் போனபோது கடை வாசல் இருட்டியது. பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் கதவை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"சார், கையைக் கீழ போடுங்க!" வகுப்பில் அதட்டும் அதே குரலில் கணக்கு டீச்சர் கத்தினார்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஓடிவந்து டிரைவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கண்டக்டர் சோற்றுத் தட்டை இழுத்தான். முதலாளி மறுபக்கம் இழுத்தார். குழம்பு நான்கு பக்கமும் தெறித்தது.

"விடுங்கய்யா! என் வேலைக்கு உலை வைக்காதீங்க" என்றார் டிரைவர்.

"உங்க வேலைக்கு நாங்க பொறுப்பு" என்றார் டீச்சர். "எல்லாரும் கையெழுத்துப் போட்டு மேனேஜர்கிட்டக் குடுக்கிறோம். முதலாளி, நீங்களும் கேளுங்க. நாங்க இனிமே உங்க கடையிலயே சாப்பிடுறோம். கேக்கிறதை எல்லாம் வாங்கித் திங்கிறோம். டிரைவர் மட்டும் அவர் டப்பாவைச் சாப்பிடட்டும்."

முதலாளி தட்டைச் சட்டென்று விட்டுவிட்டார். இந்தக் கணக்கு அவருக்கு உடனே பிடித்துப்போயிற்று.

டிரைவர் கையிலிருந்த கவளத்தை மெல்லக் கீழே வைத்தார். இத்தனை பேர், தன் கைப்பக்குவத்துக்காக! தன் கடலையைத் தான் மட்டுமே சாப்பிட வேண்டுமென்று எதற்காகச் சொல்கிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை. மரியாதையாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்.

"எனக்குக் கண்ணு கலங்குது" என்றார். "இவ்வளவு தூரம் வந்து தட்டைப் பிடுங்குறீங்களே, அப்படி என்னதான் கண்டீங்க நான் வேகவச்ச கடலையில?"

டீச்சர் கண்ணாடிக் கடைக்காரரைப் பார்த்தார். அவர் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தான்.

எப்போதும் டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்து வருகிற செடிக்காரம்மா, சந்தையில் விற்கக் கொண்டுவந்த ரோஜாத் தொட்டியை இடுப்பிலிருந்து இறக்கி மேஜைமேல் வைத்தாள்.

"கோவிச்சுக்காதப்பா, உன் கடலையை மனுஷன் வாயில வைக்க முடியாது, ஆனா இந்தக் கடையில சாப்பிட்டா மலை ஏறி முடிக்கிற வரைக்கும் நீ கண்ணு சொக்கித் தூங்கிக்கிட்டே ஓட்டுற, உன்னை எழுப்பிவிடக் கை தட்டித் தட்டி, பாடிப் பாடி எங்க தொண்டையே போச்சு!"