நாலாவது டீ

"நான் என்ன கைக்குழந்தையா, கூட்டத்துல தொலைஞ்சு போறதுக்கு?"

"குழந்தை தொலைஞ்சா அழும்பா. யாராவது தூக்கிட்டு வந்து விடுவாங்க. நீங்க அழ மாட்டீங்க. நான் இறங்க வேண்டிய இடமே இதுதான்னு சாதிப்பீங்க."

காலை நேரத்தில் இவ்வளவு நல்ல சண்டை கிடைப்பது அபூர்வம். எதிர்வீட்டில் மிக்ஸியை நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாயைக் கொப்பளிக்காமல் அப்படியே நின்றார்.

கத்திக்கொண்டிருந்தவர் கண்டக்டர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகியும் தெருவுக்கு அவர் கண்டக்டர்தான். வீட்டுக்கும்தான். சமையலறை வாசலில் மருமகள் நின்றால், "வழியில நிக்காதம்மா, உள்ள போ, உள்ள போ" என்பார்.

மகனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருந்தது. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அவன் கட்சி. இந்த வீட்டில் தனியாக இருந்துகொள்வேன் என்பது அவர் கட்சி.

"கேஸை மூட மறக்கிறீங்க. சாப்பிட்டு கை கழுவிட்டு வந்து, இன்னும் சாப்பாடு போடலையான்னு கேக்கறீங்க."

"கேட்டேன். உன் பொண்டாட்டி ரெண்டாவது தடவையும் போட்டாளே. அவளுக்கு மட்டும் ஞாபகம் இருந்துச்சா?"

"பாவம்னு போட்டேன் மாமா," என்றாள் மருமகள் உள்ளிருந்து.

மகன் கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தான். கண் ஆபரேஷன் ஆகிக் கண்டக்டர் வீட்டில் அடைந்து கிடந்ததால், நண்பர்களோடு போகிற புதன்கிழமைப் பயணம் ஒரு மாதமாக நின்றுபோயிருந்தது. அன்றைக்குத்தான் மறுபடியும் கிளம்பினார்.

"போயிட்டு வாங்க. ஒரு குழப்பமும் இல்லாம சாயங்காலம் வந்து சேர்ந்தா நீங்க இங்கேயே இருங்க. நான் பேசல. ஏதாவது ஆச்சுன்னா ஞாயித்துக்கிழமை சாமானோட நீங்களும் லாரில ஏறிடணும்."

"லாரியில ஜன்னலோரம் கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டுக் கண்டக்டர் தோள்பையை மாட்டிக்கொண்டார். கேட்கும்போது சிரித்தார். தெருமுனை திரும்பும்போது சிரிக்கவில்லை. பல் தேய்த்தவர் பார்த்தார்.

நண்பர்கள் நாலு பேர். கண்டக்டர், டிரைவர், டைம்கீப்பர், மெக்கானிக். நால்வரும் ஒரே டிப்போவில் வேலை பார்த்தவர்கள். வாழ்நாளெல்லாம் பஸ்ஸில் கழித்த மனிதர்கள் ஓய்வு பெற்றதும் பஸ்ஸை எட்டிப் பார்ப்பார்களா என்று கேட்கலாம். இவர்கள் வேறு எதையும் எட்டிப் பார்க்கவில்லை. முதியவர்களுக்கான இலவசப் பாஸை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை போவார்கள். அங்கே ஒரு டீ குடிப்பார்கள். பஸ் எப்படித் திரும்புகிறது என்று நின்று பார்த்துக் குறை சொல்வார்கள். அதே பஸ்ஸில் திரும்பி வருவார்கள். போன ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

ஏறுவது அவரவர் வீட்டுக்குப் பக்கத்து நிறுத்தத்தில். உட்காருவதும் அவரவர் உத்தியோகப்படி. டிரைவர், ஓட்டுகிறவர் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வருவார். அவருடைய வலது செருப்பு மட்டும் தேய்வதன் காரணம் அவர் மகளுக்கு இன்றுவரை புரியவில்லை. டைம்கீப்பர் நடு சீட்டில் கைக்கடிகாரமும் கையுமாக. மெக்கானிக் பின் சக்கரத்துக்கு மேலே, காதைத் தீட்டிக்கொண்டு. கண்டக்டர் பின்வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் "போலாம் ரைட்" என்று வாய்க்குள் முனகுவார். ஆகவே இறங்கும் வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே இல்லை. இவ்வளவு நெருங்கிய நண்பர்கள்.

அன்றைய கடைசி நிறுத்தம் ஒரு ஏரிக்கரை. ஏரியில் தண்ணீர் இல்லை. படகுகள் சேற்றில் கவிழ்ந்து கிடந்தன. வானம் மூடியிருந்தது. டீக்கடையில் கண்டக்டர் வழக்கம்போல நாலு டீ சொன்னார். மூன்று பேர் எடுத்துக் குடித்தார்கள். நாலாவது டம்ளர் பலகையில் ஆடை கட்டிக்கொண்டு நின்றது.

கண்டக்டர் தலை எண்ணினார். அவர் எண்ணுகிற முறையே தனி. கண்டக்டரும் டிரைவரும் பயணிகள் அல்லர். எனவே இந்தக் கூட்டத்தில் எண்ணப்பட வேண்டியவர்கள் இரண்டே பேர். எண்ணினார். ஒன்றுதான் வந்தது.

"யோவ், மெக்கானிக் எங்க?"

இந்த இடத்தில் யாராவது ஒருவர், "தெரியலையே, நான் பார்க்கலையே" என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சொல்ல முடியாது. மறதி என்ற வார்த்தையைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று பேருக்கும் ஒரு மகனோ மகளோ தம்பியோ காத்திருந்தார்கள்.

"வரும்போது பார்த்தேனே," என்றார் டிரைவர், அவசரமாக. "கியர் பாக்ஸ்ல ஏதோ சத்தம் வருதுன்னு என்கிட்ட சொன்னானே."

"அப்புறம் மார்க்கெட் பஸ் ஸ்டாண்டுல இறங்கினான்," என்றார் டைம்கீப்பர், தானும் பின்தங்காமல். "பத்து இருபத்தஞ்சுக்கு."

"நீ பார்த்தியா?"

"நேரமே சொல்றேன், பார்க்காமயா?"

கண்டக்டர் யோசித்தார். பின்வாசலில் உட்கார்ந்திருந்தவர் அவர். ஒருவன் தன் கண்ணெதிரே இறங்கிப் போனதை அவர் பார்க்கவில்லை. புதுக் கண் வேறு. இதை ஒப்புக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை லாரி.

"ஆமா ஆமா," என்றார். "நான்தான் கையைப் பிடிச்சு இறக்கிவிட்டேன்."

ஆக, மூன்று சாட்சிகள் ஆகிவிட்டன. மெக்கானிக் மார்க்கெட்டில் இறங்கினார் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமாயிற்று. அவரிடம் ஃபோன் கிடையாது. ஸ்பேனர் போட்டுத் திறக்க முடியாத எதையும் அவர் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதில்லை.

திரும்புகிற பஸ்ஸில் மார்க்கெட் பஸ் ஸ்டாண்டில் இறங்கினார்கள். கழிப்பறையில் தேடினார்கள். பழுதாகி நின்ற பஸ்களுக்கு அடியில் குனிந்து தேடினார்கள். டிரைவருக்குக் குனிந்த இடுப்பு நிமிரவில்லை. இரண்டு பேர் சேர்ந்து நிமிர்த்தினார்கள்.

"மைக்ல சொல்லச் சொல்லுவோம்," என்றார் டைம்கீப்பர். மைக் இருந்தது அவர் ஒரு காலத்தில் உட்கார்ந்திருந்த அறைதான். இப்போது அங்கே ஓர் இளம்பெண் இருந்தாள்.

"என்ன கலர் சட்டை தாத்தா?"

"நீலம்," என்றார் டிரைவர்.

"வெள்ளை," என்றார் டைம்கீப்பர்.

"கட்டம் போட்டது," என்றார் கண்டக்டர், இருவரையும் விட்டுக்கொடுக்காமல்.

"நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட சட்டை அணிந்த பெரியவர் எங்கிருந்தாலும் விசாரணை அறைக்கு வரவும்," என்று பெண் மைக்கில் சொன்னாள். மூன்று பேருக்கும் அதைக் கேட்க மிகவும் திருப்தியாக இருந்தது. எல்லாரும் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

கொஞ்ச நேரத்தில் நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட சட்டை அணிந்த பெரியவர் ஒருவர் வந்தார். கையில் மஞ்சள் பை. நல்ல உயரம். மெக்கானிக் குள்ளம்.

"இவர்தானே?" என்றாள் பெண்.

"இவர் இல்லம்மா."

"சட்டை சரியா இருக்கே தாத்தா."

கண்டக்டர் அந்த மனிதரைப் பார்த்து, "ஐயா, உங்களை யாரு கூப்பிட்டது?" என்றார்.

"மைக்ல கூப்பிட்டாங்க. பெரியவரைத் தேடறோம்னு சொன்னாங்க. என்னை யாரும் தேடி ரொம்ப நாளாச்சு. அதான் வந்தேன்."

டிரைவர் போய் அவருக்கு ஒரு பன்னும் டீயும் வாங்கி வந்தார். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, பன்னைப் பிய்த்துப் பிய்த்து, விருந்துக்கு வந்தவர் மாதிரி நிதானமாகச் சாப்பிட்டார். வாசலில் ஒரு பஸ் புறப்பட்டுப் போனது. "அது நான் போக வேண்டிய வண்டி," என்றார். எழுந்திருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கண்டக்டரின் ஃபோன் அடித்தது. மகன்.

"எங்கப்பா இருக்கீங்க? பின்னாடி மைக் சத்தம் கேக்குது?"

"மார்க்கெட்ல. சும்மா இறங்கினோம். ஒரு குழப்பமும் இல்ல."

"எல்லாரும் இருக்கீங்களா?"

"இருக்கோமே. நாலு பேரும் இருக்கோம்."

"நாலு பேரா?"

"எத்தனை தடவை கேப்பே? நான், டிரைவரு, டைம்கீப்பரு, மெக்கானிக்கு. மெக்கானிக் இதோ பக்கத்துல உக்காந்து பன்னு சாப்பிடறான்."

லைன் போய்விட்டதோ என்று கண்டக்டர் ஃபோனை எடுத்துப் பார்த்தார்.

"அவர்கிட்ட குடுங்க," என்றான் மகன் மெதுவாக.

கண்டக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். வேறு வழியில்லை. பன் சாப்பிட்டவர் காதில் ஃபோனை வைத்தார்.

"சொல்லு தம்பி," என்றார் அவர். "நல்லா இருக்கேன். இவங்க எல்லாரும் நல்லா கவனிச்சுக்கறாங்க. நீ சாப்பிட்டியா?"

ஃபோன் திரும்பி வந்தபோது மகனின் குரல் மாறியிருந்தது. காலையில் கத்திய குரல் இல்லை. "அப்பா, அங்கேயே இருங்க. எங்கேயும் போகாதீங்க. நான் ஆபீஸ்ல சொல்லிட்டு வரேன்."

கண்டக்டர் ஃபோனை அணைத்துப் பைக்குள் போட்டார்.

"குரலை வச்சே கண்டுபிடிச்சுட்டான். மெக்கானிக் இல்லைன்னு தெரிஞ்சு போச்சு."

"இப்ப என்ன பண்றது?"

"அவன் வர்றதுக்குள்ள மெக்கானிக் வீட்டுக்குப் போயிடுவோம். ஒருவேளை வேற பஸ் பிடிச்சு வீட்டுக்கே போயிருந்தான்னா, கையோட கூட்டிட்டு வந்து இவன் முன்னாடி நிறுத்திடலாம்."

"போகலைன்னா?" என்றார் டிரைவர்.

கண்டக்டர் தோள்பையை மாட்டிக்கொண்டார்.

அவர்கள் கிளம்பியபோது கட்டம் போட்ட சட்டைக்காரர் எழுந்து நின்றார். "அடுத்த புதன்கிழமையும் தேடுவீங்களா?" என்று கேட்டார்.

மெக்கானிக் குடியிருந்தது ஒரு மாடி வீட்டின் பின்கட்டில், ஒற்றை அறையில். பஸ்ஸில் போகும்போது முதல் தடவையாக மூவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். டிரைவர் பிரேக் மிதிக்கவில்லை. டைம்கீப்பர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"உண்மையைச் சொல்லு," என்றார் கண்டக்டர். "அவன் மார்க்கெட்ல இறங்கினதை நீ பார்த்தியா?"

"நீதானே கையைப் பிடிச்சு இறக்கினே?" என்றார் டைம்கீப்பர்.

"நீ இறங்கினான்னு சொன்னதால சொன்னேன்."

"டிரைவர் பேசினேன்னு சொன்னதால நான் சொன்னேன்."

இருவரும் டிரைவரைப் பார்த்தார்கள். டிரைவர் ஜன்னலைப் பார்த்தார். "கியர் பாக்ஸ் சத்தம்னு அவன் எப்பவும் சொல்றதுதானே," என்றார். "இன்னிக்கும் சொல்லியிருப்பான்னு..."

அதற்குமேல் யாரும் யாரையும் திட்டவில்லை. தூறல் போட ஆரம்பித்தது.

வீட்டு கேட்டில் ஓர் அட்டை தொங்கியது. கண்டக்டரின் புதுக் கண்ணுக்கு அது நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். அவர் அதைக் கையால் விலக்கிக்கொண்டு உள்ளே போனார். பின்கட்டுக் கதவு பூட்டியிருந்தது. டைம்கீப்பர் தட்டினார். டிரைவர் ஜன்னல் இடுக்கில் பார்த்தார். உள்ளே இருட்டு.

அவர்கள் மூன்று பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அந்த முற்றத்தில் நின்றதைக் கண்டவர்கள், ஏதோ சாவு வீடு என்றே நினைத்தார்களாம்.

அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்றிய லாரியில் கண்டக்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து போனார். மகன் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. அவராகவே பெட்டியைக் கட்டினார். லாரிக் கதவைத் தட்டி "போலாம் ரைட்" என்று அவர் சொன்னபோது எதிர்வீட்டு மிக்ஸி கூட நின்றது. டிரைவரை மகள் தன் வீட்டு மாடி அறைக்குக் கொண்டுபோய்விட்டாள். இப்போது இரண்டு செருப்பும் தேய்வதில்லை. டைம்கீப்பர், தம்பி குடும்பத்தோடு இருக்கப் போய்விட்டார். கடிகாரத்தை இங்கேயே ஒருவருக்குக் கொடுத்துவிட்டாராம். மைக்கில் கூப்பிட்ட பெண்ணுக்குக் கல்யாணமாகி அவளும் வெளியூர் போனாள். கட்டம் போட்ட சட்டைக்காரர் மட்டும் இன்னும் புதன்கிழமைகளில் விசாரணை அறைக்கு எதிரே உட்கார்ந்து மைக்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மூன்று பேரையும் இப்படி ஆளுக்கொரு மூலைக்கு அனுப்பியது மகனும் இல்லை, மகளும் இல்லை, தம்பியும் இல்லை. அன்றைக்கு அந்த முற்றத்தில் கேட்ட ஒரே ஒரு பேச்சுதான். கதவு தட்டும் சத்தம் கேட்டு மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா இறங்கி வந்தாள். மூன்று பேரையும் அடையாளம் கண்டு சிரித்தாள்.

"அம்மா, நீங்க கோவிச்சுக்கக் கூடாது," என்றார் கண்டக்டர், கையைக் கூப்பிக்கொண்டு. "எங்க கூட வந்த மெக்கானிக்கைத் தொலைச்சிட்டோம்."

அந்த அம்மாளின் சிரிப்பு நின்றது. மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னங்க சொல்றீங்க? அவர் ரூமுக்குத்தான் கேட்டுல வாடகை அட்டை மாட்டியிருக்கேன். அவரைத்தான் போன மாசமே நீங்க மூணு பேருமா சேர்ந்து, ஜன்னலோர சீட்டும் பிடிச்சுக் குடுத்து, மக ஊருக்கு பஸ் ஏத்தி அனுப்பிட்டீங்களே."